எண்ணெய் குட்டி போடாது

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பன்னிரண்டு வண்டிகள். எல்லாமே ஹைப்ரிட். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் ஒரே வயிற்றுக்குள் குடித்தனம் நடத்தும் ரகம். அவற்றில் பத்து வண்டிகளுக்கு உள்ளூர் வேலை. காலையில் ஒரு நர்ஸை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் நிறுத்தம், மறுபடியும் ஐந்து நிமிடம் ஓட்டம். மிச்சம் இரண்டு வண்டிகள் மட்டும் நெடுஞ்சாலையில் அடுத்த ஊர்வரை போய் வந்தன.

ஏழாம் எண் வண்டியை ஓட்டியவளை எல்லோரும் குச்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் குச்சி இல்லை. கதவைத் திறந்து இறங்கினால் வண்டி ஒரு விரற்கடை எழும்பும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திங்கட்கிழமை தவறாமல் உருவி, துடைத்து, மறுபடி செருகி, எடுத்துப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான் என்பதால் வந்த பெயர் அது. பதினாறு வருடம் வண்டி ஓட்டியவள். ஒரு தடவைகூட நோயாளியைக் காக்க வைத்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேனேஜர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்னால் ஏதோ கிடங்கில் இருந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார், குரலை உயர்த்த மாட்டார். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். ஒரு திங்கட்கிழமை கையில் ஒட்டும் சீட்டுகளோடு நிறுத்துமிடத்துக்கு வந்தார். ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒரு சீட்டை ஒட்டினார். ‘அடுத்த ஆயில் மாற்றம்: 20,000 கி.மீ.’

“சார், ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிருந்தோமே?” என்றாள் குச்சியக்கா.

“அது பழைய வண்டிக் கணக்கும்மா. ஆயில் மாத்த ஒரு வண்டி போனா அரை நாள் நிக்குது. இது ஹைப்ரிட். எஞ்சின் பாதி நேரம் தூங்குது. தூங்குறவனுக்கு எதுக்கு அடிக்கடி சாப்பாடு?”

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை.

“நிம்மதியாத் தூங்கினா சரி சார். இது அசந்து தூங்குறவனை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் உலுக்கி எழுப்புற கதை. ரெண்டு நிமிஷம் ஓடுது, சூடு ஏறுறதுக்குள்ள அணைஞ்சு போகுது. சூடே ஆகலன்னா உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் எங்க போகும்? ஆயில்லயேதான் கிடக்கும். இதைப் பாருங்க.”

குச்சியை உருவி நீட்டினாள். மேல் கோட்டைத் தாண்டி, அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் பளபளத்தது.

“மாத்தினப்போ கோட்டுல நின்னுச்சு சார். இப்போ கோட்டுக்கு மேல நிக்குது.”

“நல்லதுதானே! குறைஞ்சாத்தானே கவலைப்படணும்?”

“எண்ணெய் குட்டி போடாது சார். கூடியிருக்குன்னா வேற என்னமோ உள்ள வந்திருக்கு. மோந்து பாருங்க.”

மேனேஜர் தன் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டினார். ‘ஆயிலைப் பார்த்தேன், நல்ல நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி. அதன் கீழே ஓட்டுநரின் கையெழுத்து. பதினோரு பேரும் முதுகில் வைத்தும் தொடையில் வைத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நோயாளிகள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள், யாருக்கு நின்று வாக்குவாதம் பண்ண நேரம்?

“நான் போட மாட்டேன் சார்,” என்றாள். “பார்த்தது ஒண்ணு, எழுதுறது ஒண்ணுன்னா என் கைக்கு வராது.”

“கையெழுத்து இல்லன்னா சாவி இல்ல.”

பயந்துவிடுவாள் என்று நினைத்துச் சொன்னதுதான். அவள் இடுப்பில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இந்தாங்க.”

அன்றே அவளை வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். நாலு நாள் குழாயும் கையுமாக நின்றால் வழிக்கு வந்துவிடுவாள் என்பது மேனேஜரின் கணக்கு. அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று. ஓட்டி முடித்த வண்டிகள் பன்னிரண்டும் சாயங்காலம் அந்தக் கொட்டகைக்குத்தானே வந்தாக வேண்டும்? வந்து நின்ற வண்டி அடங்கும்வரை பொறுத்திருப்பாள், பானெட்டைத் திறப்பாள், குச்சியை உருவுவாள், ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கவிழ்த்துப் பார்ப்பாள். பார்த்ததைக் கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதுவாள். ‘1: கோட்டுக்கு மேல். 2: கோட்டுக்கு மேல், பெட்ரோல் வாடை. 4: மூடிக்கு அடியில் பாலாடை.’

அந்தப் பாலாடையைத் தொட்டுப் பார்த்த ஓட்டுநர் ஒருவர் முகம் சுளித்தார். “என்னக்கா இது, பழுப்பு வெண்ணெய் மாதிரி?”

“ஈரமும் எண்ணெயும் கலந்தா இப்படித்தான் திரளும். இதுல நல்ல நிலைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் சுவரில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒன்பது வண்டிகள் கோட்டைத் தாண்டியிருந்தன. போன வாரம்தான் ஆயில் மாற்றிய மூன்றாம் எண்ணும் நெடுஞ்சாலை வண்டிகள் இரண்டும் மட்டும் சரியாக இருந்தன. அவற்றுக்கு நேரே ‘நன்று’ என்றே எழுதினாள். மேனேஜர் பார்த்தார். தண்ணீரைப் பீய்ச்சி அழிக்கச் சொன்னார். குழாய் அவள் கையில்தான் இருந்தது, அழித்தாள். மறுநாள் தரையில் கோடு போட வைத்திருந்த வெள்ளை பெயின்ட்டை எடுத்து அதே பன்னிரண்டு வரிகளையும் இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள். தெருவில் போகிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் குச்சியக்காவின் வீட்டுக்கு நாத்தனார் வந்து வாசற்படியிலேயே நின்றாள். கணவனின் தங்கை, மாடியில் குடியிருப்பவள். மேனேஜரின் அறையில் ஃபைல் பார்க்கும் வேலை அவளுக்கு. அந்தச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்ததே அவள்தான்.

“அண்ணி, ஊரோட ஒத்துப் போனா என்ன கொறஞ்சு போகும்? ஒரு கையெழுத்துதானே? பதினோரு பேர் போட்டாச்சு.”

“பதினோரு பேர்ல எத்தனை பேர் குச்சியை எடுத்துப் பார்த்தாங்க?”

“அது எதுக்கு நமக்கு? வண்டி அவங்களோடது. கெட்டா அவங்களோடது கெடட்டும்.”

“உள்ள உக்காந்து போறது நானும் நர்ஸும். ஏத்தத்துல எஞ்சின் இறுகி நின்னா, நிக்கிறது நாங்க. பெட்டிக்குள்ள இருக்கிறது எவரோ ஒருத்தரோட ரத்தம். மறுபடி ஊசி குத்துறதும் அவங்களுக்குத்தான்.”

உள்ளே கணவன் தையல் மெஷினில் ஒரு கால்சட்டையின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தான். பேச்சில் தலையிடுகிற ஆள் இல்லை. நாத்தனார் துப்பட்டா நுனியைத் திருகினாள்.

“ஏழாம் வண்டி ஃபாரம் இல்லாம ஃபைலை மூட முடியலன்னு சார் தினமும் திட்டுறார் அண்ணி.”

“அதனால?”

“போட்டுட்டேன்.”

“எதை?”

“உங்க கையெழுத்தை. உங்க பேரை நான் போட்டுட்டேன்.”

மெஷின் நின்றது.

குச்சியக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நாத்தனாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “உன் தட்டுல நான் என்னைக்காவது கை வச்சிருக்கேனா?” என்று மட்டும் கேட்டாள். “நீ எப்படி என் பேருல கை வச்ச?”

“பயந்துட்டேன் அண்ணி.”

“பயந்தா அழு. கையெழுத்துப் போடாத.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு வந்து நிக்கிறியேம்மா,” என்று கணவன் மெஷினைப் பார்த்தபடியே சொன்னான். அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். நாத்தனார் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து ஃபைல் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஏழாம் எண் ஃபாரத்தை எடுத்து, கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘இது என் அண்ணியின் கையெழுத்து அல்ல, நான் போட்டது’ என்று எழுதி, கீழே தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டு அவர் முன்னால் வைத்திருந்தாள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

மேனேஜர் நாத்தனாரையும் குச்சியக்காவையும் அழைத்துக்கொண்டு நேராகக் கூடத்தின் சொந்தக்காரரான டாக்டரம்மாவிடம் போனார். சுவரைக் கெடுத்தது, சொன்ன பேச்சைக் கேட்காதது, ஃபைலைக் கிறுக்கியது என்று வரிசையாகச் சொன்னார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எனக்கு எஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க ஒண்ணு சொல்றீங்க, இவங்க ஒண்ணு சொல்றாங்க. எது உண்மைன்னு நான் எப்படிப் பார்க்கிறது?”

“வடிச்சுப் பாருங்கம்மா,” என்றாள் குச்சியக்கா. “ஊத்தினது நாலு லிட்டர். எவ்வளவு வருதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க.”

பதினொரு மணிக்கு, வழக்கமாக ஆயில் மாற்றும் மெக்கானிக் வந்தார். ஏழாம் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் உள்ள திருகைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் தண்ணீர் மாதிரி ஒழுகியது. அளவுக் குவளையில் பிடித்துப் பிடித்து ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது நிறைந்த பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் குவளையை எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது குவளை முக்கால் நிறைந்த பிறகுதான் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. பெட்ரோல் வாடை டாக்டரம்மாவின் கைக்குட்டையையும் மீறி ஏறியது.

“போன தடவை நீங்களே கூடுதலா ஊத்தியிருப்பீங்க,” என்றார் மேனேஜர்.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பது வருஷமா இதே பொழப்பு சார். நாலு டப்பாதான் உடைச்சேன். ஊத்தினதெல்லாம்கூடத் திரும்பி வராது, கொஞ்சம் உள்ளயே ஒட்டிக்கும். இதுல வந்திருக்கிற கூடுதல் அத்தனையும் பெட்ரோலும் தண்ணியும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கணும்.”

மேனேஜரின் முகம் செத்துவிட்டது. அந்த இடத்தில் குச்சியக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் வெற்றி முழுசாக அவளுடையது. அவள் மூடவில்லை.

“பன்னெண்டாம் வண்டியையும் வடிங்கண்ணே.”

நெடுஞ்சாலை வண்டி அது. மூன்றே முக்கால் லிட்டர்தான் வந்தது. நிறம் கறுத்திருந்தாலும் வாடை இல்லை, கொழகொழப்பும் போகவில்லை.

“இந்த ரெண்டு வண்டி விஷயத்துல சார் பாதி சரி,” என்றாள். “ஒரு மணி நேரம் நிக்காம ஓடுது. நல்லா சூடாகுது, ஈரமெல்லாம் ஆவியாப் போயிடுது. பத்தாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டலாம், ஆனா வருஷம் தாண்டக் கூடாது. வீடு வீடா நின்னு போற பத்து வண்டிக்கும் அஞ்சாயிரம், இல்லன்னா ஆறு மாசம். எது முந்துதோ அது. வண்டியில வச்சிருக்கிற புத்தகத்துலயும் குறுகிய தூரம் ஓட்டினா சீக்கிரம் மாத்துன்னுதான் போட்டிருக்கு. ஒருத்தரும் புரட்டுறதில்ல.”

டாக்டரம்மா தலையாட்டினார். அப்படியே செய்யச் சொன்னார். கண்ணாடிகளில் இருந்த சீட்டுகளை நாத்தனாரே நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. மேனேஜர் கேட்டதும் நியாயம்தான் என்று டாக்டரம்மாவுக்குப் பட்டது. ஒருவர் சுவரில் எழுதினால் நாளைக்கு ஆளாளுக்கு எழுத மாட்டார்களா? ஆகவே சாயங்காலம் அழைத்து, “நீங்க சொன்னது சரி. ஆனா சுவத்துல எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கே சாவி,” என்றார்.

“சுவத்தைச் சுரண்டி வெள்ளையடிச்சுக் குடுக்கிறேம்மா. அது என் வேலை. மன்னிப்பு எழுத மாட்டேன்.”

“ஏம்மா, ஒரே ஒரு வரி.”

“அதுல பன்னெண்டு வரி இருக்கு. எது பொய்னு காட்டுங்க, அந்த ஒண்ணுக்கு மன்னிப்பு எழுதுறேன்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு போட்டார். நாத்தனாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது.

அந்த ஒரு வாரமும் குச்சியக்கா வீட்டில் இருந்து கணவனுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். அவன் மறுநாள் அவற்றைப் பிரித்து மறுபடி தைத்தான். நாத்தனார் தினமும் சாயங்காலம் வந்து சேதி சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று வண்டியாக ஆயில் மாற்றுகிறார்களாம். வண்டி தாமதமாகும் வீடுகளுக்கெல்லாம் மேனேஜரே ஒவ்வொருவராக ஃபோன் போட்டு, தவறு என்னுடையது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறாராம்.

“நெஜமாவா? அவரே சொன்னாரா?”

“என் காதால கேட்டேன் அண்ணி.”

“அப்போ மனுஷன் பெரிய மனுஷன்தான்,” என்றாள் குச்சியக்கா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

“அப்படின்னா நீங்களும் அந்த ஒரு வரியை...”

“அது வேற. அதை மட்டும் எழுத மாட்டேன்.”