கறுத்த பிலிம்

ரங்கூனில் ஓர் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர்கள் சட்டையில் சிறிய பிலிம் ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அது கறுத்துக் காட்டும். மாதாமாதம் அதைக் கழுவிப் பார்ப்பது மக்தலேனாவின் வேலை. 1965 மழைக்காலத்தில் கதிரியக்கப் பொருள் வைத்திருந்த அறையில் வேலை செய்த உதவியாளர் கோ தின்னின் பிலிம் கன்னங்கரேலென்று இருந்தது. உடனே பிரிவுத் தலைவர் பர்னபாஸிடம் எடுத்துப் போனாள்.

"ஈரத்துல கெட்டிருக்கும். தூக்கிப் போடு."

"ஒரே பெட்டியில இருந்த மத்ததெல்லாம் நல்லா இருக்கே சார்."

"நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. கசிவுன்னு சொன்னா, இந்தியாக்காரங்கன்னு நம்ம ரெண்டு பேரையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "உங்க மகன் அந்த ரூம்ல நின்னிருந்தா ஈரம்னு சொல்வீங்களா?"

அவள் அந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கோ தின்னிடம் உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்ததால் அவனை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அதிகாரிகளிடம் கசிவைச் சொன்னதும் அவள்தான். அறையை மூடினார்கள். அந்த மாதமே அவளுக்கு வேலை போயிற்று.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா" என்றார் பர்னபாஸ், அவள் விடைபெறும்போது.

"கோ தின்னுக்கும் இருக்கு."

வீட்டுக்குப் போக இன்சீன் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கோபம் ஆறவில்லை.