பிறந்த வீட்டுக் கோடி

ஐஸ் பெட்டியின் ஒயர் யார் காலிலும் படாதபடி சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டே கோதண்டராமன் சொன்னார்: "இன்னைக்கு எடுக்கல. எம் பொண்ணு வரணும்."

பெட்டிக்குள் அவர் மனைவி ரத்தினம்மாள் கிடந்தாள். முந்தின நாள் காலை காப்பி போட எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கோதண்டராமனின் அண்ணன் பெரியதம்பிக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை. எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டார். அமெரிக்காவில் ஏறினால் மறுநாளே மெட்ராஸில் இறங்கிவிடலாம், தனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான் என்றும் சொன்னார்.

"அவன் இருக்கறது நியூயார்க்கு. இவ இருக்கறது பென்ரோஸ் கவுண்டி," என்றார் கோதண்டராமன்.

செஞ்சி - திண்டிவனம் தடத்தில் கண்டக்டராகவே காலம் தள்ளியவர் அவர். எந்த ஊரானாலும் அவருக்கு இரண்டே கேள்விதான்: எவ்வளவு தூரம், எத்தனை சனம். மகள் அன்புக்கரசி அந்தக் கவுண்டியில் கணக்கு டீச்சர். பேத்தி பிறந்தபோது மனைவியோடு போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, அந்த ஊர்க் கதையைக் கேட்காமல் அவரிடமிருந்து தப்பியவர்கள் குறைவு. துக்கத்துக்கு வந்தவர்களும் தப்பவில்லை. செஞ்சி தாலுகாவைப் போல இரண்டு மூன்றை உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிசு. ஆனால் மொத்த சனத்தையும் ஒரே பஸ்ஸில் இருபத்தைந்து ட்ரிப்பில் ஏற்றி இறக்கிவிடலாம். இங்கே வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை கண்ணை மறைக்கிறது. அங்கே கண்ணை மறைக்க ஒரு மேடு கிடையாது. பார்த்த இடமெல்லாம் மக்காச்சோளம். ஏர்போர்ட்டுக்குப் போக அரை நாள் கார் ஓட்ட வேண்டும். இப்போது பனி கொட்டி ரோட்டையே மூடிவிட்டார்களாம்.

"அப்ப வரவே முடியலன்னா?" என்றார் பெரியதம்பி.

"வருவா. நான் பெத்த பொண்ணு."

தங்கை சுந்தராம்பாளுக்கு வேறு கவலை. சாவு வீட்டுச் சடங்கில் அவள் சொல்வதுதான் அந்தத் தெருவில் முடிவு. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுத்துணி வந்து மேலே போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். ரத்தினம்மாளுக்குப் பிறந்த வீடென்று ஒன்று இல்லை. அனந்தபுரத்தில் இருந்த ஒரே அண்ணனும் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். தானே ஒரு புடவை வாங்கி, பிறந்த வீட்டுப் பேரைச் சொல்லிப் போட்டுவிடட்டுமா என்று சுந்தராம்பாள் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லாத வூட்ட இருக்குதுன்னு சொல்ல வேணாம்," என்றார் கோதண்டராமன். "கோடி இல்லாமலே போவட்டும். பொண்ணு மூஞ்சப் பாக்காம போவ வேணாம்."

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. கோடி விஷயத்தில் ரத்தினம்மாள் ரொம்பக் கறார். அதற்காக அமெரிக்காவிலேயே அவர் மானத்தை வாங்கியவள்.

மகள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே வீடு டோரதி என்கிற கிழவியுடையது. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் தினமும் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள், மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள். என்னதான் பேசினார்களோ. அந்த டோரதியின் புருஷன் ஒருநாள் செத்துப்போனான். சாவுக்குக் கிளம்பும்போது, அவளுக்குப் பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ரத்தினம்மாள் மகளிடம் விசாரித்தாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்று தெரிந்ததும் பெட்டியைத் திறந்தாள். பேத்தி பேர் வைக்கிற அன்று கட்ட எடுத்துவைத்திருந்த புதுப்புடவையை எடுத்து, மூலையில் மஞ்சளைத் தடவி, ஸ்வெட்டருக்குள் சுருட்டிக்கொண்டாள். நம் பக்கத்தில் புருஷன் செத்தவளுக்கும் பிறந்த வீட்டுக் கோடி உண்டு.

கல்லறையில் எல்லோரும் கறுப்புக் கோட்டில் சத்தமில்லாமல் நின்றார்கள். ரத்தினம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போனாள். டோரதியின் கோட்டுக்கு மேல் அந்தப் பச்சைப் புடவையைப் போர்த்திவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கோதண்டராமன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர் மாதிரி பக்கத்துக் கல்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் டோரதி அந்தப் புடவையை எடுக்கவில்லை. குழி மூடும்வரை அதைப் போர்த்திக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் அதற்கு என்ன அர்த்தம், யார் யாருக்கு எப்போது போடுவார்கள் என்று அன்புக்கரசியிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. "நைனா, டோரதி வண்டியில கெளம்பிட்டோம். ரோடு இன்னும் சரியாவல. பனி தள்ற வண்டி பின்னாலயே போறோம். எடுத்துடாதீங்க."

"நீ வா. நான் இருக்கறன்," என்றார். போனை வைத்த பிறகு கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து, வெயில் தாழ்கிற நேரத்தில் வாடகைக் கார் தெருவில் நுழைந்தது. அன்புக்கரசி இறங்கியதும் யாரையும் பார்க்காமல் ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தாள். அவளை அழ விட்டுவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். சம்பந்தி வீட்டுக் கோடி விழுந்தது. சுந்தராம்பாள் வழக்கப்படி, பிறந்த வீட்டுக் கோடி உண்டா என்று கேட்க வாயெடுத்து, கோதண்டராமனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் அன்புக்கரசி காரில் கிடந்த மூட்டையை எடுத்துவந்து பிரித்தாள். கலர் கலராகச் சதுரங்கள் வைத்துக் கையால் தைத்த கெட்டியான போர்வை.

"டோரதி குடுத்தாங்க அத்த. பொறந்த வூட்டுக் கோடின்னு சொல்லிப் போடச் சொன்னாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைக்காரி எப்படிப் பிறந்த வீடாவாள் என்று பெரியதம்பி கேட்டார். சுந்தராம்பாள் போர்வையை வாங்கி, புதுசுதானா என்று ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். கடைசி மூலையில் அவள் கை நின்றது. வெள்ளைச் சதுரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தடவியிருந்தது.

"நீ தடவனியாம்மா?"

"இல்ல அத்த. அம்மா குடுத்துட்டு வந்த மஞ்சத்தூளு அவங்ககிட்ட இன்னும் இருக்குது."

சுந்தராம்பாள் நிமிர்ந்து பெரியதம்பியைப் பார்த்தாள். "பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சி," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போர்வையை விரித்து மூடினாள். கோதண்டராமனுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதார்.

பாடையைத் தூக்கினார்கள். கோட்டைப் பக்கமிருந்து நல்ல காற்று. போர்வையின் ஒரு மூலை சரிந்து சரிந்து தொங்கியது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கோதண்டராமன், மஞ்சள் தடவிய அந்த மூலை தரையில் படாமல் சுடுகாடு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனார்.