இறால் குட்டைக்குப் பக்கத்துக் கிணறு

மரக்காணத்து இறால் வெளிநாட்டுக்காரன் தட்டில் கிடக்கிறதாம். குட்டை வெட்டிய தேவநாதன் இதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டான். அந்தப் பெருமையில் என் மாமனாருக்கும் பங்கு வேண்டுமாம். கிணற்றோடு சேர்ந்த எங்கள் மேட்டு நிலத்தையும் குட்டை வெட்டக் குத்தகைக்கு விடப் போகிறார். உப்பளத்து வெயிலில் வேகிற எல்லோரும் குடிப்பது அந்த ஒரு கிணற்றுத் தண்ணீரைத்தான். என் ஒரு வயதுப் பிள்ளையும் அதைத்தான் குடிக்கிறது.

இறால் பிடித்து முடிந்ததும் தீவனமும் மருந்தும் கழிவும் ஊறிய கறுப்புத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். குட்டையில் தேக்கிய உப்புத் தண்ணீரோ மண்ணுக்கடியில் இறங்கிக் கிணற்றில் கலந்துவிட்டது. அதைத் தேவநாதனிடமே சொன்னேன்.

"அது சுனாமித் தண்ணிம்மா. உங்க மண்ணே உப்பு, என் இறாலு புதுசா என்னத்தக் கெடுக்கப் போவுது?" என்றான்.

போன வருஷத்து அலை கடலோரக் குப்பத்தோடு நின்றது, எங்கள் கிணற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் தேசப்பன், "ஐயா சொன்னா சரிதாங்க" என்று பல்லை இளித்தார்.

கொடுமை என்னவென்றால், என் வீட்டு ஆண்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நாள் முழுக்க உப்பு வாருகிறவர்களுக்கு உதடே உப்பு. தண்ணீர் கரித்தால் தங்கள் வாய்தான் கரிக்கிறது என்று துடைத்துக்கொண்டு குடிப்பார்கள். நான் பிரம்மதேசத்து விவசாயி வீட்டுப் பெண். கழனிக்காட்டு நாக்கு நொட்டை சொல்கிறது என்று சிரித்தார்கள்.

சிரிக்கட்டும் என்று அன்றிலிருந்து சமையலில் உப்புப் போடுவதையே நிறுத்தினேன். ஒரு மனுஷன் கண்டுபிடிக்கவில்லை. கஞ்சி, குழம்பு எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார்கள். இவர்கள் உப்பு விளைவிக்கிறவர்களாம், தூ.

குத்தகையை முடிக்கத் தேவநாதன் காரில் வந்தான். சாப்பாடு போட்டுத் தாம்பூலம் மாற்ற ஏற்பாடு. மாமனார் ஒரு வாய் தின்றுவிட்டு, "சாம்பாரு பக்குவமா இருக்குதும்மா" என்றார். தேவநாதன் முகத்தைச் சுளித்தான்.

"உப்பு தூக்கலா இருக்குதே. அள்ளிப் போட்டுட்டியாம்மா?"

"உப்பே போடலிங்க. சோத்துலயும் போடல, சாம்பார்லயும் போடல. உங்க குட்டைக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில வேக வச்சதுங்க."

அவன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டான். நான் வைத்த டம்ளரைப் புறங்கையால் தள்ளினான். "டேய், கார்ல இருக்குற தண்ணி கேன எடுத்தா" என்று டிரைவரைக் கூப்பிட்டு, அந்தத் தண்ணீரில் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்து எங்கள் வாசலிலேயே துப்பினான்.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அப்போதும் இளித்தபடி தாம்பூலத் தட்டைத் தூக்கினார்.

"ஏம்பா, அத உள்ள கொண்டுபோயி வை" என்றார் மாமனார். தேவநாதனிடம் திரும்பி, "நாங்க குடிக்கிற தண்ணியில நீங்க வாய்கூட கொப்பளிக்க மாட்டீங்க. நெலம் இல்லிங்க, கெளம்புங்க" என்றார்.

கார் போனதும் அவன் தள்ளிவைத்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். பிறகு, "எத்தினி நாளா இப்டி இருக்குது?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை.

"புள்ளைக்குத் தாய்ப்பால் நிறுத்துனதுலேந்து இதத்தான் குடுக்குறேன் மாமா" என்றேன்.