காலிக் காம்பரா

அப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கோடைக்கு வந்து தங்கிய பழைய மாளிகையைப் புதுப்பித்து, பழம்பொருள் காட்டும் நூதனசாலை ஆக்கினார்கள். அது 2004. காட்சி அமைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் பதுளையில் சித்திர வாத்தியார், யாழ்ப்பாணத்தான். துரையின் பியானோ, துரையின் துப்பாக்கி, துரையின் நாய்க்குக்கூட ஒரு படம். தொழிலாளிக்கென்று ஒதுக்கியது பின்பக்கத்தில் சமையல் நடந்த குசினி மட்டும். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்த ஓர் அறையிலாவது பொய் இருக்கக்கூடாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு குடும்பமே சமைத்துப் படுத்து எழும்பும் ஒற்றை அறைக் காம்பராவை அப்படியே எழுப்பிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். கடையில் வாங்கிய புதுச் சட்டி பானை எனக்கு ஆகாது.

இராக்கம்மாவிடம் போனேன். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்து, பக்கத்துத் தோட்டத்து லயத்தில் தனியே இருந்த விதவை. தோட்டத்துத் தொழிலாளர் பேர்ப்பதிவில் இப்போது அவர் பெயர் இல்லை. குடியிருக்கும்வரை காம்பராவை விட்டு யாரும் எழுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான் அவருக்கு இருந்த உரிமை. ஹாலிஎலையில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சுவாமிப் படம், அம்மி, கரிபிடித்த சட்டிகள், கொழுந்துக்கூடை எல்லாவற்றையும் அவர் திரும்பி வரும்வரை இரண்டு கிழமைக்கு இரவல் கேட்டேன்.

"சாமான் தர்றதுக்கு என்னங்க சேர். ஆனா காம்பராவ வெறுசா வுட்டுட்டுப் போகக் கூடாதுங்க. சாமி படமும் சட்டியும் இருந்தாத்தான் ஆளு இருக்குன்னு அர்த்தம். இல்லாட்டி காலின்னு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிட்ட நான் சொல்லுறன். நீங்கள் யோசிக்காமப் போயிட்டு வாங்கோ அம்மா."

சொல்லவில்லை. சத்தியமாக மறந்துபோனேன். சுவாமிப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழவேண்டும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தவனுக்கு, நடந்து போய் ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் குசினியில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அச்சொட்டாக இருக்கிறது என்றார் ஒருவர். நானும் பல்லை இளித்தேன்.

பதினாறாம் நாள் இராக்கம்மா துணிமூட்டையோடு நூதனசாலைக்கே வந்துவிட்டார். அவருடைய காம்பராவில் வேறு குடித்தனம். மருமகனோ இனி வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பியிருந்தான். நான் தோட்டத்துக் கந்தோருக்கு ஓடினேன். மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பூட்டுப் போட்டு வச்சிருப்பேனே சேர். போய்ப் பார்த்தா வெறுஞ் செவருதான் இருந்துச்சு. வந்திருக்கிறது புதுசா கல்யாணம் முடிச்ச சோடி. ஒரே காம்பராவுல பத்துப் பேரோட கெடந்தவங்க. அந்தப் புள்ள முழுகாம இருக்கு. எப்படிங்க எழுப்புறது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. வேறு காம்பரா கேட்டேன். பேர் பதிந்தவர்களுக்கே இல்லை என்றார்.

திரும்பி வந்தபோது இராக்கம்மா குசினியில், பார்வையாளருக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, வீடு போனவர் அழவில்லை.

"உங்கட சாமான் எல்லாத்தையும் இப்பவே எடுத்துத் தாறன் அம்மா" என்று கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணாங்க சேர். இங்கயே இருக்கட்டும். எடுத்துட்டுப் போயி எங்கங்க வைக்கிறது?"