கீழ்த்தள அறை

"ஜன்னலுக்குக் கம்பி இருக்கா?" என்று அவள் போனில் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"எல்லாரும் ஜன்னல் வழியா கோட்டை தெரியுமான்னுதான் கேப்பாங்க, மேடம்."

"கோட்டை தெரியலன்னாலும் பரவாயில்ல. கம்பி இருக்கா? கீழ்த்தளத்துல ரூம் இருக்கா? கதவுக்கு உள்பக்கம் பூட்டு உண்டா?"

"மேடம், இது ஹோட்டல். ஜெயில் இல்ல."

அவள் போனை வைத்தாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத வேளை. துடைத்து வைத்த கண்ணாடிகளையே மறுபடி துடைத்துக்கொண்டு, கைப்பேசியில் அடுத்த ஹோட்டலின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவளும் கணவனும் சுற்றிப் பார்க்கப் போகும் ஊர் பழைய ராஜாக்களின் நகரம். விடுதிகளெல்லாம் பழைய மாளிகைகள். ஒவ்வொரு படத்திலும் ஒரு மாடம், ஒரு பால்கனி, திறந்து கிடக்கும் பெரிய ஜன்னல். மற்றவர்களுக்கு அழகாகத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு விழக்கூடிய இடமாகவே தெரிந்தது.

கணவனுக்குப் பத்திரிகை அச்சகத்தில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் எழும்போது தூங்குகிறவன். ஆந்தை என்றுதான் அச்சகத்தில் கூப்பிடுவார்கள். அந்த ஆந்தை பகல் தூக்கத்தில் எழுந்து நடக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆந்தைக்கே தெரியாது.

முன்பு இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள். ஒருநாள் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரம் திரும்பினாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. அவள் சத்தம் போடாமல் போய், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு மெல்ல உள்ளே இழுத்தாள். குழந்தை மாதிரி கூடவே வந்து படுத்துக்கொண்டான். சாயங்காலம் எழுந்து டீ கேட்டான்.

ரெண்டு நாள் கழித்து, சிரித்துக்கொண்டே சொல்வதுபோல அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. அவனுடைய அப்பா மாடியிலிருந்து விழுந்துதான் செத்தார், அதுவும் தூக்கத்தில். அம்மா அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன விஷயம் அது. அதன்பிறகு அவன் படுக்கவே பயந்தான். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விழித்துக் கிடந்தான். அந்த வாரமே மெஷின் உருளையில் சட்டைக் கை சிக்கி, முழங்கை வரை சதை கிழிந்தது. பக்கத்தில் இருந்தவர் மெஷினை நிறுத்தும் பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் கை போயிருக்கும், ஒருவேளை ஆளே போயிருப்பான். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அவள், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க, நீங்க நடக்கவே இல்ல," என்று கூசாமல் பொய் சொன்னாள். அன்று அவன் மரக்கட்டை மாதிரி தூங்கினான்.

அப்புறம் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. மாடி ஏற முடியவில்லை என்று கம்பி போட்ட கீழ்வீட்டுக்குக் குடிமாறினார்கள். கடைக்குப் போகும்போது அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம் திருட்டுப் பயம் என்றாள்.

"எங்க அண்ணனை யாரு அண்ணி தூக்கிட்டுப் போகப்போறாங்க?" என்று நாத்தனார் கேலி செய்வாள். அடுத்த தெருவில்தான் வீடு. சாயங்காலம் தவறாமல் வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்து, அண்ணியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதையா புக் பண்ணீங்க? முற்றத்துக்குப் பின்னாடி, சமையல்கட்டு பக்கத்துல! கல்யாணமாகி முதல் தடவையா வெளியூர் போறீங்க. புகை குடிக்கவா போறீங்க?"

"எனக்கு மாடி ஏற முடியாதும்மா."

"அங்க லிஃப்ட் இருக்கு. அண்ணே, உன் பொண்டாட்டி சரியான கஞ்சம்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "விடு. அவ எங்க சொல்றாளோ அங்க இருந்துட்டு வருவோம்."

அந்தப் பேச்சு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனும் தங்கையும் கண்ணால் பேசிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் இரவு முழுக்க அவன் வழக்கப்படி விழித்திருந்தான். அவன் விழித்திருந்ததால் அவளும் தூங்கவில்லை. காலையில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"சார் போன் பண்ணி மாத்திட்டாரே, மேடம். மூணாவது மாடி. ஊர்லயே நல்ல ரூம்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பரிசு கொடுத்துவிட்டு முகம் பார்க்கிற பையன் மாதிரி நின்றான்.

"அந்தக் கீழ் ரூமே கொடுத்துடுங்களேன்."

"அது நேத்தே போயிடுச்சு, மேடம். வேற எதுவும் காலி இல்ல."

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டிப் பால்கனி. கல்லில் செதுக்கிய கைப்பிடி அவள் முழங்காலுக்குச் சற்று மேலே வரை வந்தது. அந்தக் காலத்துக் கட்டடம், முகப்பில் எதையும் மாற்றக்கூடாது என்று சட்டம் என்றான் பெட்டி தூக்கி வந்தவன், பெருமையாக. கதவின் தாழ்ப்பாள் விரல் பட்டாலே கழன்று விழுந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே கல் பாவிய தெரு.

"பிடிக்கலையா?" என்றான்.

"பிடிச்சிருக்கு. வாங்க, இப்பவே கோட்டைக்குப் போயிடலாம். வெயில் ஏறிடும்."

"கண்ணு சொக்குது. கொஞ்சம் தூங்கிட்டுப் போலாம்."

"முதல்ல ஒரு டீ குடிங்க."

"டீயா? நில்லுன்னா நின்னுக்கிட்டே தூங்கிடுவேன்."

படுத்ததும் தூங்கிப்போனான். அவள் மேசையை இழுத்துக் கண்ணாடிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். பெட்டியை அதன்மேல் ஏற்றினாள். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் தூங்கமாட்டான். தூங்காமல் மெஷின் முன்னால் நிற்பான். சொல்லாவிட்டால் இந்தப் பால்கனி. யோசித்து யோசித்து அலுத்துப்போன கணக்கு. கண் எரிந்தது. எப்போது அசந்தாளோ தெரியாது.

மேசை கல்தரையில் உரசும் சத்தம் கேட்டு விழித்தாள்.

பெட்டி ஒழுங்காகச் சுவரோரம் இறங்கியிருந்தது. அச்சகத்தில் காகிதச் சுருளை நகர்த்துகிறவனின் நிதானத்தோடு அவன் மேசையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். நல்ல வெயில். கீழே யாரோ சிரித்தார்கள். அவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வாங்க, உள்ள போலாம்," என்று காதருகே மெல்லச் சொன்னாள். எப்போதும் அதற்குத் திரும்பிவிடுகிறவன் இன்று திரும்பவில்லை. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். அவன் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. ஒரு கால் மேலே ஏறியது.

அவள் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

அவன் விழித்துக்கொண்டான். கண்ணில் பார்வை வந்த அந்த நொடியில் அவன் பார்த்தது தெருவைத்தான். மறுகணம் இருவரும் பால்கனித் தரையில் பின்பக்கமாக விழுந்து கிடந்தார்கள். அவளுடைய நகம் அவன் வயிற்றில் பதிந்திருந்தது. தவழ்ந்து உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளையாட்டுக்குன்னு சொன்னியே."

"பொய்."

"அப்போ அந்தப் பூட்டு?"

தலையாட்டினாள்.

"முழங்கால் வலி?"

"எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்லங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியதோடு நின்றுவிட்டது. "அப்பாவுக்கும் இப்படித்தான்," என்றான். யாரிடமோ சொல்வதுபோல இருந்தது.

"டாக்டர்கிட்ட போலாங்க. இதுக்கு வைத்தியம் இல்லாம இருக்காது. வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் லீவு சொல்லுங்க."

"சொல்லலாம்." பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவனாக எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். ஈரம் சொட்டச் சொட்ட அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நீதான் பாவம், தூக்கமே இல்ல. நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

"நீங்களும் தூங்கணும். கதவுகிட்ட நான் இருக்கேன்."

"எனக்குத் தூக்கம் போயிடுச்சு."

கண் சிவந்திருந்தது. இமை தானாக இறங்கியது. இறங்கியதும் திடுக்கிட்டு நிமிர்ந்து, தரையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அந்த முகத்தை அவள் முன்பு ஒருமுறை, கை கிழிந்த வாரத்தில் பார்த்திருக்கிறாள். நகர்ந்துபோய் அவன் தலையைத் தன் மடியில் சாய்த்தாள். கழுத்து விறைத்து, பாரத்தை அவள்மேல் விடாமல் அப்படியே நின்றது.

"தூங்குங்க," என்றாள். "பிடிச்சிருக்கேன். தூங்குங்க."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.