காலை எறக்குங்கடா

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வயது டாக்டர், முத்துப்பேச்சியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற அவள் புருசன் காசிராஜனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. செருப்போடு வராதே, கை கழுவாமல் தொடாதே என்று நேற்றிலிருந்து சொன்னதையெல்லாம் மறந்து கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

“காலை எறக்குங்கடா!”

நர்சு மறித்தாள். “யோவ், வெளிய போ. நெஞ்சுல ஆபரேசன் பண்ண ஒடம்புய்யா இது.”

“அது தெரியுதுல்ல? பெறகெதுக்குத் தலகீழாக் கவுக்குறீக? கால் மேல போனா இவளுக்கு மூச்சு நிக்கும். கண்ணால பாத்தவன் நான்.”

அவன் கண்ணுக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியின் கட்டில் தெரியவில்லை. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுச் சரிவுதான் தெரிந்தது. போன ஐப்பசியில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்கிச் செடிக்கடியிலேயே சாய்ந்தாள். இதயத்து வால்வு சுருங்கிக் கிடந்த சங்கதி அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மேனேஜர் வாசலில் ஜீப்பு நின்றது. கேட்டதற்கு, “லோடு ஏத்தியாச்சு. மூட்டைய எறக்கிப்போட்டு நனைஞ்சா நீயா பொறுப்பு?” என்றார். ஏலக்காய் நனையக்கூடாது, பறித்தவள் நனையலாம். கம்பளியில் தூளி கட்டி மழையில் சரிவிறங்கிச் சுமந்தார்கள். முன்னால் பிடித்த மாமன் பெரியகருப்பன், தலைமாட்டைப் பள்ளத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். “உசுரோட இருக்கவளக் கால முன்னவிட்டுக் கொண்டுபோறதுக்கு, அவ என்ன பொணமாடா?” பிணம்தான் கால் முன்னாகப் போகும். தலை கீழும் கால் மேலுமாகத் தொங்கியவளுக்கு வாயில் நுரை தள்ளியது. காசிராஜன் கூப்பாடு போட்ட பிறகே தூளியைத் திருப்பினார்கள். கால் கீழே வந்ததும் மூச்சு வந்தது.

டாக்டர் கால்களை மெத்தையில் வைத்தார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

“அப்ப வால்வு அடைச்சிருந்துச்சு. இப்பத் தொறந்துவிட்டிருக்கோம். ஆனா பிரஷர் எறங்கிக்கிட்டே போகுதுய்யா. ஒடம்புல தண்ணி பத்தலையா, இதயத்துக்குத் தெம்பில்லையான்னு தெரியல. தண்ணி பத்தலைன்னா சலைன் பாட்டில் போட்டாத் தேறுவாங்க. தெம்பில்லைன்னா அந்தத் தண்ணியே நெஞ்சுல தேங்கி மூச்சை அடைச்சிரும்.”

“அதுக்குக் கால எதுக்குத் தூக்கணும்?”

“கால்ல கெடக்குற ரத்தம் இதயத்துக்கு ஓடும். பாட்டில் போட்ட மாதிரிதான். பிரஷர் ஏறுனா தண்ணி ஒத்துக்கும். ஏறலைன்னா காலை எறக்கிட்டாப் போதும், ரத்தம் திரும்பிரும். உள்ள போன பாட்டில் திரும்பி வராது.”

“இத வெளிய நிக்கிறவன்கிட்டச் சொன்னா வாய் வலிக்குமா? அங்க ஜீப்பில்ல, இங்க பேச்சில்ல. நாங்கன்னா என்ன, கேக்க நாதியத்த சரக்கா?”

டாக்டர் கை கழுவும் குழாயைக் காட்டினார். “கையக் கழுவிட்டு வா. நீயே தூக்கு. மூச்சு முட்டுச்சுன்னா நீயே எறக்கிரு” என்று விலகி நின்றார்.

காசிராஜன் அவள் குதிகால்களை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினான். வெடிப்புகளுக்குள் மலைமண்ணின் கறுப்பு இன்னும் போகவில்லை. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள். கனமே இல்லை. ஒரு ஏலக்காய் மூட்டை இதைவிடக் கனக்கும் என்று நினைத்ததும் மறுபடி கோபம் வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். நர்சு அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அவன் பாதரசத்தைப் பார்க்கவில்லை. முத்துப்பேச்சியின் வாயையே பார்த்தான். நுரை இல்லை.

“ஏறுது டாக்டர். கொஞ்சந்தான்.”

“பாட்டிலைக் கொண்டாங்க. போதும்யா, எறக்கிரு.”

நர்சு பாட்டிலைத் தொங்கவிட்டாள். குழாய்க்குள் முதல் சொட்டு திரண்டு, விழாமல் நின்றது.

“எறக்குய்யா” என்றார் டாக்டர் மறுபடி.

அவன் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இறக்கவில்லை.