வடக்கு வரிசை

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நாற்றுப் பண்ணை இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பாதி சின்னவளுக்கு, மேற்குப் பாதி பெரியவளுக்கு. கிழக்கில் காலை வெயில் தாராளமாக விழும். கிணறும் அந்தப் பக்கம்தான். மேற்கில் பக்கத்துக் கிடங்கின் சுவர் நிழல் பாதி நாள் படுத்துக் கிடக்கும்.

பதினோரு வருடம் அப்பாவுக்கு மருந்து கொடுத்து, படுக்கைத் துணி மாற்றி, கூடவே வசவும் வாங்கிக்கொண்டவள் பெரியவள். அந்தப் பதினோரு வருடமும் சின்னவள் வேறு ஊரில் கணவனோடு இருந்தாள். அவன் விட்டுப் போனதும் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்த நாலாம் மாதம் அப்பா கண்ணை மூடினார். உயிலைப் படித்துக் காட்டியபோது பெரியவள், "சரி, நல்லதுதான்" என்றாள். அன்று மூண்ட வயிற்றெரிச்சல் அதன்பின் ஒரு நாளும் அணையவில்லை.

சின்னவளுக்கு அது தெரியாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று வேலியருகே வந்து நிற்பாள். விதை எந்த ஆழத்தில் போடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எல்லாவற்றுக்கும் அக்கா வேண்டும். பெரியவளும் சொல்லிக் கொடுப்பாள். சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை நங்கென்று வைப்பாள்.

அந்தச் சின்னவள் ஒரு நாள் பசுமைக்குடில் போடப் போவதாக வந்து சொன்னாள். வளைத்த இரும்புக் குழாய் இருபது. அதன் மேல் பாலித்தீன் ஷீட். உள்ளே தக்காளி, வெள்ளரி, பூச்செடி நாற்றுகள். போட்டுக் கொடுக்க வந்தவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் அழைப்பார்கள். டேப்பை நீட்டி நாலு தடவை அளக்காமல் ஒரு ஆணிகூட அடிக்காத மனிதர். காதில் பென்சில், இடுப்பில் டேப், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கணக்கு.

முதல் நாள் நூல் கட்டினார். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, ஒரு விரல் வித்தியாசம் வந்ததற்காக நாலு முளையையும் பிடுங்கி மறுபடி நட்டார். இரண்டாம் நாள் தரைக்குழாய்களை அடிக்கத் தொடங்கினார். வளைவின் இரண்டு காலும் இந்தத் தரைக்குழாய்களுக்குள் இறங்கி உட்காரும். போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் குடிலின் பிடிமானம் அதுதான்.

"வீட்டுத் தூணு பாரத்தைத் தாங்குறதுக்கு. இது அப்படியில்லம்மா" என்று சம்மட்டியை ஊன்றிக்கொண்டு சின்னவளிடம் சொன்னார். "இந்தக் குடில் கீழ விழாது. மேலதான் போகப் பாக்கும். காத்து உள்ள புகுந்துச்சுன்னா குடையைத் தூக்குற மாதிரி தூக்கும். நம்ம குழாய் அதைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கணும். எல்லாம் மண்ணு கொடுக்கிற பிடிதான்."

தெற்கு வரிசையில் ஒவ்வொரு குழாய்க்கும் முப்பது, நாற்பது சம்மட்டி அடி விழுந்தது. அடித்த குழாயில் சங்கிலி மாட்டி, முக்காலி நிறுத்தி, கப்பி போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒன்றைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்.

வடக்கு வரிசையில் எட்டாவது குழாய் பத்தே அடியில் இறங்கிவிட்டது. ஒன்பதாவதும் அப்படித்தான். அளவுக்காரர் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இந்த இடத்துல எப்பவாவது குழி கிழி தோண்டி மூடியிருக்காங்களா?"

"அக்காவுக்குத்தான் தெரியும்" என்றாள் சின்னவள். "அக்கா, இங்க குழி இருந்துச்சா?"

பெரியவள் வேலிக்கு இந்தப் பக்கம் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், ஒரு அறை அகலம். அழுகிய செடி, உடைந்த தொட்டி, நார்க் கழிவு எல்லாவற்றையும் அப்பா அதில்தான் கொட்டச் சொல்வார். பதினாறு வயதில் ஒரு கோடை முழுக்கக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியவள் அவள்தான். கடைசியில் மேலே ஒரு முழம் மண் போட்டு மிதித்து மூடியவளும் அவள்தான். சின்னவளுக்கு அப்போது ஏழு வயது. மாமா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"குழி எதுவும் இல்ல. அங்க மழைத் தண்ணி தேங்கும். அதான் மண்ணு இளக்கமா இருக்கு" என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான். கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பொய் இத்தனை லேசாக வாயிலிருந்து வந்துவிடும் என்று அவளே நினைக்கவில்லை.

அளவுக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. "எதுக்கும் இழுத்துப் பாத்துடறேன். மூடின குழியா இருந்தா தோண்டிக் கான்கிரீட் போட்டாகணும். ரெண்டு நாள் தள்ளிப்போகும், பரவாயில்ல."

"நாளைக்குக் காலைல ஷீட்டு விரிக்க ஆளு வருது அண்ணே. அக்கா பொறந்து வளர்ந்த மண்ணு இது. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் சின்னவள்.

அவர் எட்டாவது குழாயைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், கழற்றி வைத்திருந்த சங்கிலியையும் பார்த்தார். பிறகு பத்தாவது குழாயை எடுத்தார்.

குடில் எழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் உள்ளே பச்சை பொங்கி வழிந்தது. பெரியவளிடம் வழக்கமாக நாற்று வாங்குகிறவர்கள்கூட அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பும்போது இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சொல்லிவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஒரு நாள் காலை உண்மையிலேயே சொல்லத்தான் போனாள். "எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்று தொடங்குவதாக மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். சின்னவள் வெள்ளரிக் கொடியைக் கயிற்றில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வா வா. அப்பா சொன்னது எவ்வளவு சரி பாரு" என்றாள்.

"அப்பா என்ன சொன்னார்?"

"உயில் எழுதறப்ப நான்தானே பக்கத்துல இருந்தேன். பெரியவளுக்கு வெயிலும் வேணாம், வெளிச்சமும் வேணாம், அவ மூஞ்சிக்கு நிழல் போதும்னார். நான் சிரிச்சே செத்துட்டேன்." இப்போதும் சிரித்தாள். "கோவிச்சுக்காதே. அப்பா குசும்பு உனக்குத் தெரியாததா?"

"எனக்கென்ன கோவம்" என்றாள் பெரியவள்.

"நீ என்னமோ சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்ல. கயித்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டு. தண்டு அறுந்துடும்."

திரும்பி நடந்தாள். அதன் பிறகு சொல்கிற எண்ணம் அவளுக்கு வரவில்லை.

காற்று வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரியாக இருந்தது. மூன்று மணிக்கு வடக்கிலிருந்து ஒரே வீச்சாக இறங்கியது. பெரியவள் கொட்டகையில் நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குடிலின் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. சின்னவள் கதவைச் சாத்த ஓடினாள். அதற்குள் காற்று உள்ளே புகுந்துவிட்டது. ஷீட் புடைத்தது. வடக்கு வரிசை அசைந்தது.

ஈறு செத்த பல்லைப் போல எட்டாவது குழாய் மேலே வந்தது. பின்னாலேயே ஒன்பது, பத்து, பதினொன்று. குடிலின் ஒரு பக்கமே தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பியது. சின்னவள் ஓடிப்போய் ஒரு வளைவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இத்தனை பெரிய குடிலைத் தன் உடம்புப் பாரத்தால் இழுத்து உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"அக்கா!"

விட்டுவிடு என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அக்கா சொன்னால் அவள் எதையும் கேட்பாள். பெரியவளின் கையில் ஒரு தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது மூச்சு. குடில் இன்னும் எழும்பியது. சின்னவளின் கால் தரையை விட்டது. மூன்றாவது மூச்சில் பெரியவளின் வாய் திறந்தபோது குடில் புரண்டு விழுந்தது. சின்னவளின் வலது முழங்கைக்கு மேல் இரும்பு. முழங்கைக்குக் கீழே கிணற்று மேடைக் கல்.

அதன் பிறகு பெரியவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். குழாயைத் தூக்கினாள், வண்டியை நிறுத்தினாள், தங்கையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போனாள். அந்த அழுகை நடிப்பில்லை.

எலும்பு மூன்று துண்டு, நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். கை இருக்கும், பிடிப்பு இருக்காது.

நாலாம் நாள் அளவுக்காரர் வார்டுக்கு வந்தார். முகம் ஒரு வாரம் பட்டினி கிடந்தவர் மாதிரி இருந்தது. கட்டிலின் கால்பக்கம் நின்றுகொண்டு பெரியவளிடம் சொன்னார்:

"நான் கேட்டேனேம்மா. குழி இருந்துச்சான்னு கேட்டேன். இல்லன்னீங்க."

சுற்றிலும் கட்டில்களில் ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் பெரியவள். "அப்பா எங்க என்ன தோண்டினார்னு நான் கண்டேனா? மண்ணு இளக்கம்னு கண்டுபிடிச்சது நீங்க. சங்கிலியைக் கையில வச்சுக்கிட்டு இழுத்துப் பாக்காம விட்டதும் நீங்க. குடில் போடறது உங்க தொழிலா, என் தொழிலா?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவரை நாலு நாளாகத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒரு மாதத்துக்குள் அளவுக்காரர் பெயர் நாறிவிட்டது. பேசி வைத்திருந்த மூன்று குடில் வேலையும் கைமாறிப் போனது. பெண்பிள்ளை கையை முடமாக்கினவன் என்று கடைத்தெருவில் அவர் காதுபடவே பேசினார்கள். ஒரு நாள் அவர் வந்து, யாரும் கேட்காமலே, சாய்ந்து கிடந்த குழாய்களைக் கழற்றி அடுக்கிவிட்டு, வடக்கு வரிசை முழுவதையும் தோண்டினார். இரண்டு நாள் தோண்டினார். பெரியவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அதே வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில் பெரிய நாற்றுப் பண்ணை, மேற்பார்வையாளர் வேலை, தங்க அறையும் உண்டு. அப்பா சாவதற்கு முன்பே அவள் எழுதிப் போட்டிருந்த மனுவுக்குப் பதில் அது. கடிதத்தை மூன்று தடவை படித்தாள். நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாக அவளை யாரோ வா என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்விடலாம். சின்னவளுக்கு ஒரு வேலையாளை வைத்துவிட்டு, மேற்குப் பாதியைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். செய்ததை எல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம்.

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து காலையில் தலை வாரிவிடுவது, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது எல்லாம் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை காலை பின்னலைப் போட்டுக்கொண்டே பெரியவள் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். சின்னவள் கேட்டுக்கொண்டாள். பிறகு இடது கையால் மடியிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்துத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

அந்தக் காலத்தில் செடிக்குச் செடி கட்டுகிற தகட்டுச் சீட்டு. ஆணியால் கீறி எழுதியிருந்தது: 'அழுகியது. குழிக்கு.' இரண்டு ழகரமும் வால் நீண்டு, அடுத்த எழுத்தின் கீழே வரை ஓடியிருந்தன. அப்படி எழுதுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"அளவுக்காரர் தோண்டி எடுத்தார். இது மாதிரி நாப்பது, அம்பது இருந்துச்சாம். எல்லாத்தையும் என்கிட்ட கொண்டுவந்து கொட்டிட்டு அழுதார், பாவம். யார் எழுத்துன்னு அவருக்குத் தெரியாது."

பெரியவளின் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதே. பின்னு."

பின்னினாள்.

"நீ கொட்டகையில நின்னதையும் பாத்தேன்" என்றாள் சின்னவள். அவள் குரலில் கோபமே இல்லை. வெள்ளரி விலை சொல்வதைப் போலத்தான் இருந்தது. "தட்டைக்கூடக் கீழ வைக்கல நீ. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. அந்தத் தகடெல்லாம் என் பெட்டியில பத்திரமா இருக்கு."

"அளவுக்காரர்…"

"அவர் பேரு கெட்டது கெட்டதுதான். உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாத்தினா உன்னை அனுப்பிட வேண்டியதுதான். எனக்குக் கை வேணும் அக்கா. அவர் வந்து எனக்குப் பொத்தான் போட்டுவிடுவாரா?"

பெரியவள் பின்னலின் நுனியை முடிந்தாள். "ஒரு ஆளு வச்சுடறேன். நல்ல ஆளா."

"ஆளு எதுக்கு? நீ இருக்கே. வரலைன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுடு. இன்னிக்கே எழுது. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு."

அன்று பிற்பகலே எழுதினாள். சின்னவள் வாங்கிப் பார்த்தாள். "உடல்நிலை காரணமா வர முடியலைன்னு எழுதியிருக்கே. யார் உடல்நிலைன்னு தெளிவா இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. மூன்றாம் தடவையும் எழுதினாள்.

அளவுக்காரர் அந்த ஊரைவிட்டுப் போனார். எங்கேயோ ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருப்பதாகக் கேள்வி. குடிலை வேறு ஆட்கள் வந்து, குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, மறுபடி நிறுத்தினார்கள். பண்ணை நன்றாக நடக்கிறது. வேலியை எடுத்துவிட்டார்கள். நாற்று வாங்க வருகிறவர்களிடம் சின்னவள் முன்னைப் போலவே கலகலவென்று பேசுவாள்.

"எல்லாம் எங்க அக்காதான்" என்பாள். "அக்கா இல்லைன்னா எனக்கு ஒரு கையே இல்ல."

கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்பார்கள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு, தட்டுகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைப்பாள்.